மூன்று மில்லிமீட்டருக்குப் பொறுப்பேற்றவருக்கு

தேர்வுத்தாள் அச்சகத்தின் அவுட்புட் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து, இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வுபெறும் எங்கள் மூத்த அலுவலருக்கு, உடன் பணிபுரியும் பதின்மூன்று பேர் வாசித்தளிக்கும் மடல்.

அளவையே அறமாகக் கொண்ட அக்கா அவர்களே,

தடித்தும் தேய்ந்தும் தள்ளியும் அச்சிட்ட இயந்திரங்களைத் தட்டிக்கேட்டுத் தடத்தில் நிறுத்தியவரே, பிழை என்று யாராவது சொன்னால் சொன்னவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேலை எடுத்துத் தாளைப் பார்த்தவரே, சரியாக வந்ததைச் சாமர்த்தியம் என்றும் சரியாக வராததைச் சகஜம் என்றும் ஒருநாளும் சொல்லாதவரே, வணக்கம்.

இப்படிப்பட்ட மடல்களில் வழக்கமாக வரும் அடைமொழிகள் எங்களுக்கும் தெரியும். சென்ற ஆண்டு கணக்கர் ஓய்வுபெற்றபோது வாசித்த மடலை அலுவலகமே மாதிரியாகக் கொடுத்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அதில் கடல், மலை, நிலவு மூன்றும் இருந்தன. மூன்றில் ஒன்றுகூட உங்களுக்குப் பொருந்தவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

உங்கள் பணிப்பதிவேட்டில் ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது. “விடைத்தாள் அச்சில் கவனக்குறைவு.” முப்பத்தொரு ஆண்டுப் பணிக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். அந்த வரி பொய். இன்று ஐந்து மணிக்குப் பதிவேடு மூடப்படும். மூடிய பிறகு அதை அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அதன் நகலைத்தான் நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே இந்த மடலில் பாராட்டும் இருக்கும், கோபமும் இருக்கும். கோபம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

மேடையில் இருக்கும் விருந்தினர்கள் பலருக்கு நீங்கள் செய்த வேலை என்னவென்று தெரியாது. மேலாளரும் துணை மேலாளரும் அதை முழுதாகத் தெரிந்துகொள்ள முயன்றதாக எங்களுக்கு நினைவில்லை. எனவே சொல்லிவிடுகிறோம்.

பக்கம் அமைக்கும் மென்பொருள், திரையில் ஒரு பக்கத்தைச் சரியாகவே காட்டும். அந்தப் பக்கம் தாளில் விழும்போது ஒவ்வொரு பிரிண்டரும் தன் குணத்தையும் சேர்த்துக்கொள்ளும். நம் கீழ்த்தளத்துப் பிரிண்டர் மையை அள்ளி அப்பும். சிறிய எழுத்துகளின் வயிறு அடைத்துப்போகும். அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தோம். வரவேற்பறைக்குப் பக்கத்தில் இருப்பது கறுப்பைத் தின்னும். மெல்லிய கோடுகள் பாதி வழியில் காணாமல் போகும். அது ஒல்லி. மாடியில் இருக்கும் பெரிய பிரிண்டர் தாளை இழுக்கும்போதே தாமதமாக இழுக்கும். எதை அனுப்பினாலும் மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கித்தான் விழும். அது சோம்பேறி.

தினமும் காலையில் நாங்கள் பையை வைத்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் மூன்றிலும் ஒவ்வொரு சோதனைத் தாள் எடுத்து முடித்திருப்பீர்கள். நடுவில் ஒரு சிலுவைக் குறி, நான்கு ஓரங்களிலும் அளவுக் கோடுகள், ஆறு முதல் பன்னிரண்டு புள்ளி அளவு வரை எழுத்துகள், முடியைப் போல் ஒரு கோடு. எஃகு ஸ்கேலால் அளந்து, லென்ஸால் பார்த்து, ஒவ்வொரு பிரிண்டரின் கழுத்திலும் கட்டித் தொங்கவிட்ட அட்டையில் எழுதுவீர்கள். மேலே இவ்வளவு, இடப்பக்கம் இவ்வளவு, கருமை இரண்டு படி குறைவு. அந்தத் திருத்தத்தை அந்தந்தப் பிரிண்டரின் அமைப்பிலேயே பதித்துவிடுவீர்கள். பக்கத்தை மட்டும் தொட மாட்டீர்கள். புதிதாகச் சேர்ந்த யாராவது பிரிண்டருக்குத் தோதாகப் பக்கத்தை இழுத்து வைத்தால் உங்களுக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

“பக்கம் என்னப்பா தப்பு பண்ணுச்சு? தப்பு பண்றது மெஷின். அதோட அட்டையில எழுது.”

இதை நாங்கள் ஆளுக்கு ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

திருமண அழைப்பிதழ் கொடுத்தால்கூட நீங்கள் முதலில் ஓரத்தைத்தான் தடவிப் பார்ப்பீர்கள். “யாருக்குக் கல்யாணம்னு அப்புறம் பாக்கலாம், மேல இடம் பத்தல.” மணமகளின் தந்தை, நம் கிடங்குக் காப்பாளர், எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டி ஓட்டுநர் அன்று சொன்னது இன்றும் அலுவலகத்தில் புழங்குகிறது. “அக்கா நம்மளப் பாத்தாலும் எத்தனை மில்லி சாய்ஞ்சு நிக்கிறான்னுதான் பாப்பாங்க.” அவர் அன்றிலிருந்து உங்கள் முன்னால் நிமிர்ந்தே நிற்கிறார்.

இதை எழுதுபவனின் மனைவி சென்ற ஆண்டு இறந்தாள். நினைவு அட்டைக்கு அவள் படத்தை ஒரு கடையில் கொடுத்தபோது, முகம் கறுத்து, கண் எங்கே என்று தெரியாமல் வந்தது. அந்தப் பிரிண்டர் அப்படித்தான் என்றார் கடைக்காரர். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எந்தக் கடை, என்ன பிரிண்டர் என்று மட்டும் கேட்டீர்கள். மதிய இடைவேளையில் அங்கே வந்து சோதனைத் தாள் எடுத்தீர்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் விட்டுவிட்டு, நடுச் சாயலை மட்டும் இரண்டு படி வெளுக்கச் செய்தீர்கள். மூன்றாம் தடவை முகம் வந்தது. அவள் முகமாகவே வந்தது.

“பாருப்பா, சரியா?” என்றீர்கள்.

சரி என்றேன்.

இது நடந்து பதினோரு நாள் கழித்து அந்த விடைத்தாள் வந்தது.

செவிலியர் பயிற்சிக்கான நுழைவுத்தேர்வு விடைத்தாள். அதன் ஓரத்தில் உள்ள கறுப்புக் கட்டங்கள் வெளி அச்சகத்தில் முன்பே அச்சாகி நம்மிடம் வரும். மதிப்பெண் போடும் இயந்திரம் அந்தக் கட்டங்களை வைத்துத்தான் எந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். தேர்வர்கள் நிரப்ப வேண்டிய வட்டங்களையும் பதிவெண்ணையும் அதே தாளில் நாம் அச்சிடுவோம். வரிக்கு வரி இடைவெளி நான்கு மில்லிமீட்டர்.

அன்று காலை துணை மேலாளர் உங்களை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஒரு புதுப் பிரிண்டரை நிறுவிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை சோம்பேறிக்கு உருளை மாற்றிய பழுதுபார்ப்பவர், அதில் நீங்கள் பதித்திருந்த திருத்தத்தையும் அழித்துவிட்டுப் போயிருந்தார். முதல் தாள் மூன்று மில்லிமீட்டர் இறங்கி வந்தது. உங்களைக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடம். தொங்கும் அட்டையைப் பார்த்து நாங்களே பதித்திருந்தால் அதுவும் ஆகியிருக்காது.

“அக்காவுக்கு ஒரு போன் போட்டுடலாம் சார்” என்றார் இயந்திர இயக்குநர்.

“ஒண்ணொண்ணுக்கும் அக்கா, அக்கான்னா ஆஃபீஸ் எப்படிப்பா ஓடும்? பக்கத்தையே மூணு மில்லி மேல தூக்கி விடு. முடிஞ்சுது” என்றார் துணை மேலாளர்.

இந்தப் பத்தியை ஒருமையில் எழுத வேண்டியிருக்கிறது. பக்கத்தைத் தூக்கியவன் நான். மனைவி இறந்து எடுத்த விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்றாம் நாள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். உங்களிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். தூக்கு என்றார்கள், தூக்கினேன். ஃபைலைச் சேமித்தேன். அட்டையில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நண்பகல்வரை சோம்பேறியில் ஓடிய தாள்கள் சரியாகவே இருந்தன. அதன் பிறகு அது சூடேறி நின்றுவிட்டது. மிச்சம் எண்ணூறு தாள்களைக் கீழ்த்தளத்துக் குண்டனில் ஓட்டினோம். குண்டன் மையைத்தான் அப்பும், தாளைத் தள்ளாது. தூக்கிய பக்கம் தூக்கியபடியே விழுந்தது. எண்ணூறு தாள்களிலும் வட்டங்கள் மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறின.

“என்ன இது, கொஞ்சம் மேல ஏறின மாதிரி இருக்கே” என்றார் கட்டு கட்டும் அம்மா.

“வட்டம் வட்டமாத்தானே இருக்கு? விடுங்கம்மா” என்றார் மெய்ப்புத் திருத்துநர்.

சிரித்தோம். ஸ்கேல் உங்கள் மேசையில் இருந்தது. ஒருவர்கூட அதை எடுக்கவில்லை.

நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் மூன்று மில்லிமீட்டர் ஏறினால் அது மேல் வரி. பதினான்காம் கேள்விக்கு எழுதிய விடையை இயந்திரம் பதின்மூன்றாம் கேள்விக்கு என்று படித்தது. எண்ணூறு பேருக்கும் அப்படியே படித்தது. முடிவுகள் வெளியாயின. அச்சகத்தில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அந்தத் தேர்வை எழுதிய ஒரு பெண் நம் கவுன்டருக்கு வந்தாள். முதல் தடவை நாளை வா என்றார்கள். இரண்டாம் தடவை மனு எழுதிப் பெட்டியில் போடு என்றார்கள். மூன்றாம் தடவை நீங்கள் தண்ணீர்ப் பாட்டிலோடு படியிறங்கிக்கொண்டிருந்தீர்கள்.

“ரிசல்ட் வந்தா வந்ததுதாம்மா. இங்க வந்து சண்டை போட்டா மார்க் ஏறுமா?” என்றார் கவுன்டர் எழுத்தர்.

“சண்டை போடலைங்க. நான் எழுதினது எனக்குத் தெரியும். நூத்துக்குப் பன்னெண்டு எப்படிங்க வரும்? கண்ண மூடிட்டு வட்டம் போட்டாக்கூட இருபத்தஞ்சு வருமே.”

நீங்கள் படியிலேயே நின்றீர்கள். அவள் பதிவெண்ணைக் கேட்டீர்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் எடுத்துவைக்கும் மாதிரித் தாளைக் கிடங்கிலிருந்து தேடிக்கொண்டு வந்து, கவுன்டர் பலகையில் விரித்து, ஸ்கேலை வைத்தீர்கள். “மூணு” என்றீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

“நீ போயிடாதம்மா. இங்கயே உக்காரு.”

ஸ்கேலைக் கையில் பிடித்தபடியே மேலாளர் அறைக்குப் போனீர்கள். கதவு திறந்திருந்தது. அலுவலக உதவியாளர் உள்ளே தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறோம்.

“யாரும் கேக்கலையேம்மா. நாமளா போய் எதுக்கு வாயக் குடுக்கணும்?”

“கேட்டுட்டுத்தான் சார் அந்தப் பொண்ணு வெளிய உக்காந்திருக்கு.”

எண்ணூறு தாள்களும் மறுபடி படிக்கப்பட்டன. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். அந்தப் பெண்ணும் ஒருத்தி. இன்று ஏதோ ஒரு மருத்துவமனையில் அவள் பயிற்சிச் செவிலியராக நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. இந்த அலுவலகத்தில் ஒரு மனிதரைப் பாராட்டுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இதுவரை கிடைத்ததில்லை.

அலுவலகம் உங்களைப் பாராட்டவில்லை. விசாரித்தது.

மூன்று பேர் கொண்ட குழு. ஒரே ஒரு பிற்பகல். பிழையைச் செய்தவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த பிரிண்டரை நிறுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தோம். பிழையைக் கண்டுபிடித்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். பக்கத்தை நகர்த்தியது யார் என்று கேட்டபோது துணை மேலாளர் அதே அறையில் இருந்தார். சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நீங்கள் சொன்ன பதில் அறிக்கையில் இருக்கிறது. “அவுட்புட் என் பொறுப்பு. எழுதிக்கோங்க.”

அவர்களும் எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு வசதி. நீங்கள் அன்று அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்பதை எழுதவில்லை. உங்களை அனுப்பியது யார் என்பதை எழுதவில்லை. உருளை மாற்றியதை எழுதவில்லை. குண்டன், சோம்பேறி, எந்தப் பிரிண்டரின் அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. துணை மேலாளர் அந்த அறிக்கையில் ஒரே ஓர் இடத்தில் வருகிறார், விசாரணைக்கு நல்ல ஒத்துழைப்பு நல்கியவர் என்று. அந்த வரியைப் படித்த அன்று எங்களில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்துபோய்க் கேட்கவும் இல்லை. கோபத்தில் பாதி எங்கள் மீதுதான்.

கட்டு கட்டும் அம்மா மட்டும் எழுந்தார். விசாரணை அறை வாசல்வரை போனார். நீங்கள்தான் வழிமறித்தீர்கள். என்ன சொல்லி நிறுத்தினீர்கள் என்பதை அவர் போன மாதம்தான் எங்களிடம் சொன்னார். வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தீர்களாம். உடைத்ததற்கு இந்த மடலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடச் சொன்னார். கேட்டுவிட்டோம்.

“சும்மா இருங்கக்கா. அந்தப் பையன் இப்பதான் எந்திரிச்சு நிக்கிறான். இன்னொரு தள்ளு தாங்க மாட்டான்.”

அக்கா, இதற்காக உங்கள் மீதும் எங்களுக்குக் கோபம் உண்டு. குறை எந்த மெஷினுடையதோ அதன் அட்டையில் எழுது என்று முப்பத்தொரு ஆண்டு சொன்னவர், எங்கள் குறையை உங்கள் அட்டையில் எழுத விட்டுவிட்டீர்கள். நான் தாங்கியிருப்பேன். தாங்காவிட்டாலும் அது என் பாடு. உங்கள் பதிவேட்டை எனக்கு முட்டுக்கொடுக்க வைத்திருக்கக் கூடாது. இரக்கத்துக்கு நன்றி. அதை இனி ஏற்றுக்கொள்ள முடியாது.

திங்கட்கிழமை நாங்கள் பதின்மூன்று பேரும் துணை மேலாளரைப் பார்த்தோம். குறிப்பை நீக்க வேண்டும் என்றோம். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரிட்டையர் ஆகப் போறவங்களுக்கு அதனால என்னப்பா வந்துடப் போகுது? நல்ல மாலையா வாங்கிப் போட்டு அனுப்புங்க.”

மாலை வாங்கியிருக்கிறோம். நல்ல மாலைதான். ஆனால் ஓய்வுபெறுகிறவருக்கு மானம் பணியோடு முடிந்துவிடுகிறது என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். இருபத்திரண்டு வயதில் இந்தக் கட்டடத்துக்குள் வந்த ஒருவர், ஐம்பத்துமூன்று வயதில், கண் கூசுகிறது என்று முன்கூட்டியே ஓய்வு கேட்டுப் போகிறார். அந்தக் கண் இந்த அலுவலகத்தின் தாள்களைப் பார்த்துப் பார்த்துக் கூசிய கண். அதன் பெயரில் “கவனக்குறைவு” என்று எழுதி அனுப்புவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

மேலாளரையும் பார்த்தோம். அவர் பொறுமையாகவே பேசினார். “தப்பு பண்ணினவங்க எழுதிக் குடுத்தா அடிச்சிடலாம்ப்பா. வெறும் வாயால சொன்னா நான் என்ன பண்ண முடியும்?” என்றார். நாங்கள் எழுந்தபோது என்னை மட்டும் நிறுத்தி, “நீ படிச்ச பையன். மடல்ல நல்லதா நாலு வார்த்தை எழுது, போதும்” என்றார்.

நல்ல வார்த்தைகளை எழுதிவிட்டேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. அவர் முதலில் கேட்டதையும் இப்போது எழுதுகிறேன்.

செவிலியர் நுழைவுத்தேர்வு விடைத்தாளின் பக்கத்தை மூன்று மில்லிமீட்டர் மேலே நகர்த்தியது நான். துணை மேலாளர் சொல்லி நகர்த்தினேன். பிரிண்டர் மாறியபோது அதைச் சொல்லாமல் இருந்ததும் நான். அவுட்புட் பிரிவின் மூத்த அலுவலருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பிழையைக் கண்டுபிடித்ததும் திருத்தவைத்ததும் மட்டுமே அவர் செய்தவை. இது என் எழுத்து மூலமான வாக்குமூலம்.

மேலாளர் அவர்களே, இந்த மடலின் இன்னொரு பிரதி உங்கள் முன்னால், பூங்கொத்துக்குப் பக்கத்தில், உறையில் இருக்கிறது. பணிப்பதிவேடு உங்கள் அறை மேசையில் இருக்கிறது. எடுத்து வர அலுவலக உதவியாளர் வாசலில் நிற்கிறார். இப்போது மணி நான்கு அடித்து ஐந்து நிமிடம். இவ்வளவு பேர் முன்னிலையில் இதைக் கேட்பது மரியாதையா என்று நீங்கள் நினைக்கலாம். இவ்வளவு நாள் இல்லாத மரியாதையை இன்று ஒரு மணி நேரம் தேட வேண்டாம்.

அக்கா அவர்களே, நீங்கள் நெடுநாள் நலமாக வாழ வேண்டும். கண் தெளிந்து, முதுகு வலி தீர்ந்து, காலையில் எந்த இயந்திரத்தின் முகத்திலும் விழிக்காமல், பிடித்த நேரத்துக்கு எழுந்து, பிடித்ததைச் சமைத்து, மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் போக வர இருக்க வேண்டும். அழைப்பிதழ் வந்தால் முதலில் பெயரைப் படிக்க வேண்டும். நாங்கள் ஏதாவது கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால் திட்டிவிட்டுச் சொல்லித்தர வேண்டும்.

இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். இதைக் கூடத்தில் மாட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். சங்கடம் எங்களுக்குத்தான். மாட்டுங்கள்.

இப்படிக்கு,

பக்கத்தை நகர்த்தியவன், பக்க அமைப்பாளர்.

பிரிண்டரை மாற்றிவிட்டு அளக்காமல் ஓட்டியவர், இயந்திர இயக்குநர்.

வட்டமாகத்தானே இருக்கிறது என்றவர், மெய்ப்புத் திருத்துநர்.

வாசல்வரை போய்த் திரும்பியவர், கட்டு கட்டுபவர்.

மூன்று தடவை திருப்பி அனுப்பப் பார்த்தவர், கவுன்டர் எழுத்தர்.

தெரிந்தும் தாழ்வாரத்தில் பேசாமல் நின்றவர்கள், எட்டுப் பேர்.

பதினான்காவது கையெழுத்துக்காகக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம். பக்கத்தைத் தூக்கச் சொன்னவர் மேடையில் மூன்றாம் நாற்காலியில் இருக்கிறார். பேனாவை அவர் முன்னால் வைத்திருக்கிறோம்.

.............................................